அறைகளும் சின்னத்திரையும்

வேலையற்ற மாலையில் வீட்டார் கூடிச் சிரித்திருப்பதை நாம் குறை கூறோம். பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் காண, அண்ணல் நபி (ஸல்) அவர்களே தம் மேலாடையால் மறைத்து நின்றார்கள் என்பது புகாரியில் வரும் செய்தி. ஆகவே, காண்பது குற்றமன்று. எதைக் கண்டு மகிழ்கிறோம் என்பதே வினா.

1999இல் நெதர்லாந்தில் தோன்றிய 'பிக் பிரதர்' நிகழ்ச்சி, 2017இல் 'பிக் பாஸ்' என்னும் பெயரில் தமிழுக்கு வந்தது. ஓர் இல்லத்தில் சிலரை இருத்தி, சுற்றிலும் காமிராக்களைப் பொருத்தி, அவர்தம் சண்டையையும் அழுகையையும் காட்டுவதே அதன் உத்தி. அபிசீனியர் காட்டியது திறமை. இங்கே காட்சிப்பொருள் மனிதரின் பலவீனம்.

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 'அல்ஹுஜுராத்'. 'அறைகள்' என்பது பொருள். பரிகாசம், பட்டப்பெயர், துருவி ஆராய்தல், புறம் பேசுதல் ஆகியவற்றை அதன் 11, 12ஆம் வசனங்கள் விலக்குகின்றன. இந்நான்கையும் நீக்கினால் அந்நிகழ்ச்சியில் எஞ்சுவது யாது?

அவர்கள் இசைந்தே வந்தனர் என்பர். அவர்தம் இசைவு நம் கண்ணின் பழக்கத்தைத் திருத்திவிடாது. அடுத்த வீட்டுச் சன்னலில் எட்டிப் பார்க்கும் பிள்ளையைக் கண்டிக்கும் நாம், அப்பிள்ளையை அருகில் அமர்த்தி இதனைக் காட்டுவது முறைதானா?