உள்ளத்தோடு உள்ளம்: புகுடா கொள்கை – ஒரு திறனாய்வு

1977ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள், ஜப்பானியப் பிரதமர் தக்கேயோ புகுடா மணிலா நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். ஜப்பான் படைவல்லரசு ஆகாது. தென்கிழக்காசிய மக்களோடு உள்ளத்தோடு உள்ளம் கலந்த உறவு கொள்ளும். ஆசியான் நாடுகளுக்குச் சரிநிகர் துணையாய் நின்று இந்தோசீன நாடுகளோடும் நல்லுறவு வளர்க்கும். புகுடா கொள்கை என்பது இம்மூன்றே.

சொல் அழகியது. அது பிறந்த சூழலோ அழகியதன்று. 1974 ஜனவரியில் முந்தைய பிரதமர் தனாக்கா வந்தபோது பாங்காக்கில் மாணவர் எதிர்த்து நின்றனர். ஜகார்த்தாவில் கலகமே மூண்டது. ஜப்பானியப் பொருள் கடைதோறும் நிறைந்திருந்தது, நட்பைத்தான் காணோம். அந்நோய்க்கு மருந்தாக வந்ததே மணிலா உரை.

பாடக்குறிப்பைப் பார்த்து ஆசிரியரை மதிப்பிடாதே, மாணவன் கற்றதைப் பார் என்று பயிற்சிக் கல்லூரியில் எமக்குச் சொல்லித் தந்தனர். இவ்வுரைக்கும் அவ்வளவுகோலே பொருந்தும்.

மூன்றாம் உறுதி முதலில் இடறிற்று. 1978 இறுதியில் வியட்நாமியப் படை கம்போடியாவினுள் புகவே, ஜப்பான் வியட்நாமுக்கு அளித்த உதவியை நிறுத்தியது. 1992இல்தான் மீண்டும் தொடங்கியது. எனினும் 1990இல் கம்போடியத் தரப்பினரைத் தோக்கியோவுக்கு அழைத்துப் பேசவைத்தது பாராட்டுக்குரியது. படை பற்றிய உறுதி நெடுங்காலம் நின்றது. ஆயின் 2022இல் எதிர்த்தாக்கும் ஆற்றலைப் பெறவும் பாதுகாப்புச் செலவைப் பெருக்கவும் முடிவு செய்தனர். 2023இல் தொடங்கிய பாதுகாப்பு உதவித் திட்டத்தில் மலேசியாவும் இடம்பெற்றது. உறுதி முறிந்ததென்று யான் கூறேன். அதன் பொருள் நெகிழ்ந்துவிட்டது.

இரண்டாம் உறுதியே என்னை உறுத்துவது. உள்ளத்தைப் பேசிய அதே பயணத்தில், ஆசியான் தொழில் திட்டங்கள் ஐந்துக்கு 100 கோடி அமெரிக்க டாலர் உதவி பேசப்பட்டது. நம் பிந்துலு உரத் தொழிற்சாலை அவ்வைந்தில் ஒன்று. பணம் பயன் தந்தது, மறுக்கவில்லை. 2019 முதல் வெளிவந்த சிங்கப்பூர்க் கருத்தாய்வுகள் பலவற்றில், வல்லரசுகளுள் இவ்வட்டாரத்தார் மிகுதியும் நம்புவது ஜப்பானையே. ஆனால் நம்பிக்கை வேறு, உள்ளம் வேறு அல்லவா?

உள்ளம் கலப்பதற்கு முன் பழங்கணக்கைப் பேசியிருக்க வேண்டும். மூன்று உறுதிகளுள் அதற்கு இடமில்லை. 1967 உடன்பாட்டின்படி மலேசிய அரசுக்கு இரண்டு கப்பல்கள் கிடைத்ததோடு இரத்தக்கடன் தீர்ந்ததாக ஜப்பான் கருதிற்று. அஃது அரசுக்கு அரசு செய்த ஏற்பாடு. சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தொழிலாளியின் மனைவி மக்களுக்கு அதனால் என்ன கிடைத்தது? ஜப்பானின் கடந்தகாலச் செயல்களுக்குப் பிரதமர் கைபு சிங்கப்பூரில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது 1991இல். உள்ளம் என்ற சொல்லுக்கும் வருத்தம் என்ற சொல்லுக்கும் இடையே 14 ஆண்டுகள்!

காஞ்சனபுரியில் நேசநாட்டு வீரர்களின் கல்லறைகள் வரிசையாக, பெயர் பொறித்து நிற்கின்றன. மலாயாவிலிருந்து சென்று மடிந்த தமிழருள் பெரும்பாலோர்க்குப் பெயரெழுதிய கல் இல்லை. மணிலா உரையை எத்தனை முறை படித்தாலும் என் கண் அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறது.