விவேக் நகர்ப் பிள்ளைகளும் சீலாமுனைக் களரியும்

பெங்களூர் விவேக் நகரின் குழந்தை இயேசு ஆலயத்தில் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் திருப்பலி நடக்கிறது. பக்கத்து எஜிபுராவையும் ஆஸ்டின் டவுனையும் சேர்த்துக்கொண்டால் தெருவுக்குத் தெரு பேச்சு மாறும். இங்கே வளரும் பிள்ளை நல்ல நாடகம் பார்க்க வேண்டுமானால் ஜே.பி. நகர் ரங்கசங்கராவுக்குப் போகலாம். ஷங்கர் நாக் நினைவாக, அருந்ததி நாக் முன்னின்று 2004இல் திறந்த அரங்கம் அது. 'ஆஹா' என்ற பெயரில் குழந்தைகளுக்கான நாடகங்கள், பட்டறைகள், விழா எல்லாம் அங்கே உண்டு. தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் வண்டி பிடித்துக் கூட்டிப்போக ஒரு பள்ளி முன்வர வேண்டும். போய் வந்த பிறகும், பார்த்ததை வகுப்பில் தொடர ஓர் ஆசிரியர் வேண்டும்.

இலங்கைத் தமிழர் அந்த ஆசிரியரிடமிருந்தே தொடங்கினார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகிய கூத்துகளை மேடையேற்றினார். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழு வழியாக, கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் மதிக்கப்பட்டார்கள், பள்ளிகளுக்குள் கூத்து நுழைந்தது. அவரிடம் ஆடிய சி. மௌனகுரு பின்னர் ஆசிரியராகி, பேராசிரியராகி, அதே ஆட்டத்தைத் தம் மாணவருக்குக் கொடுத்தார். இன்று அங்கே 'நாடகமும் அரங்கியலும்' க.பொ.த. உயர்தரத்தில் ஒரு பாடம். அதைக் கற்பிப்பதற்கென்றே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் எத்தனை பெரிய விழாவாலும் இதைத் தர முடிந்ததில்லை என்பது என் எண்ணம்.

கூத்தைப் பள்ளிக்குள் கொண்டுவந்ததற்கு விலையும் இருந்தது. விடிய விடிய ஆடும் கூத்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கியது. நாற்புறமும் ஊர் சூழ்ந்திருந்த வட்டக்களரி போய், ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் மேடை வந்தது. போட்டியும் பரீட்சையும் சேர்ந்துவிட்டால் பிள்ளை ஆடுவது ஊருக்காக அல்ல, புள்ளிக்காக. மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் தோழர்களும் தொடங்கிய கூத்து மீளுருவாக்கம் இதற்கு மறுமொழியாகவே எனக்குப் படுகிறது. கூத்து களரியிலேயே இருக்கட்டும். ஆனால் அது பெண்ணையும் சாதியையும் பற்றி என்ன சொல்கிறது என்று அண்ணாவியாரும் ஆடுபவரும் ஊராரும் உட்கார்ந்து பேசி, பாட்டை மாற்றட்டும் என்றார்கள். சிறுவர்களும் அதில் பங்குகொண்டார்கள். ஓர் ஊர் தன் கலையைத் தானே திருத்தும்போது பிள்ளைகள் கூட இருந்து பார்ப்பதைவிடப் பெரிய கல்வி எது?

ஆசிரியரிடமிருந்து தொடங்கும் அந்த வழிக்கு நெருங்கிய ஒன்று கர்நாடகத்திலும் இருக்கிறது. உடுப்பியில் யட்சகான குருமார் உயர்நிலைப் பள்ளிகளுக்கே போய்ப் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். பயிற்சி முடிந்ததும் அந்தப் பள்ளிகளின் ஆட்டங்களே 'கிஷோர யட்சகான' விழாவாகின்றன. பள்ளி விழாவுக்குப் போகவில்லை, விழா பள்ளியிலிருந்து வருகிறது. மட்டக்களப்பில் ஆடப்படும் வடமோடிக் கூத்துக்கும் யட்சகானத்துக்கும் உள்ள உறவை ஆய்வாளர்கள் பேசியிருக்கிறார்கள். கற்பிக்கும் முறையிலும் இரண்டும் சொந்தமே.

பெங்களூருக்கு உடுப்பியைப் போல ஒரே ஊர்க்கலை கிடையாது. விவேக் நகரில் யாருடைய கூத்தைக் கற்பிப்பது? தமிழ்ப் பிள்ளையும் கன்னடப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் அரசுப் பள்ளியில் யட்சகானத்தையும் தெருக்கூத்தையும் அடுத்தடுத்துப் பழக்கலாம். விழா நடத்துவோர் இரண்டு நாள் பட்டறைக்குச் செலவிடும் பணத்தில், அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவருக்கு ஓராண்டு முழுக்க ஒரு குருவைத் துணையாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.