குடிநோயாளியின் கதையாடல்: ஒரு சாவும் ஒரு காதுகுத்தும்

'அப்பா செத்த துக்கத்துலதான் குடிக்க ஆரம்பிச்சேன்' என்று என் அண்ணன் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தோம். குடியை விட்டபின் ஒருநாள், வெளியாரும் வரலாம் என்றிருந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் அவர் பேசக் கேட்டேன் (எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்). 'அப்பாவுக்குக் கொள்ளி வச்சப்பவே நான் போதையிலதான் இருந்தேன்' என்றார். அதே சாவு. காரணமாக இருந்தது தடயமாகிவிட்டது.

1967இல் ஹோம்ஸ், ராஹே இருவரும் 43 வாழ்க்கை நிகழ்ச்சிகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். கணவன் அல்லது மனைவியின் சாவுக்கு 100. குடிப்பவனிடம் இந்தத் தராசு செல்லாது. வேலை போனதால் குடித்தானா, குடித்ததால் வேலை போனதா? அண்ணன் மகளின் காதுகுத்து ஒரு காந்தி ஜெயந்தியன்று நடந்தது. பிள்ளை அழுதது அவருக்கு ஞாபகமில்லை. அன்று கடை கிடையாது என்று முதல்நாளே வாங்கிய பாட்டிலை அரிசி டின்னுக்குள் ஒளித்தது ஞாபகமிருக்கிறது. அவருடைய பிரதியில் நிகழ்ச்சி அதுதான்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப்பும் தொடங்கிய இவ்வியக்கத்தில் கதை சொல்வதுதான் பாதி மருந்து. புதிதாக வருபவர் மற்றவர் கதைகளைக் கேட்டுக் கேட்டுத் தன் வாழ்க்கையை அந்த வடிவத்தில் சொல்லப் பழகுகிறார்; குடிநோயாளி என்ற தன்னிலை அப்படித்தான் உருவாகிறது என்று கரோல் கெய்ன் 1991இல் எழுதினார். 'என்னால முடியும்' என்ற வீம்புதான் குடிப்பவனைப் பாட்டிலோடு மல்லுக்கு நிறுத்துகிறது, தோற்றேன் என்று ஒப்புக்கொள்ளும்போது அது உடைகிறது என்பது கிரிகோரி பேட்ஸன் 1971இல் சொன்னது.

நம் ஆட்கள் உடனே கேட்பார்கள்: கடைகளை அரசே நடத்தும் மாநிலத்தில், எல்லாவற்றையும் தனிமனிதன் தலையில் கட்டுகிற கதையாடல் அல்லவா இது? நானும் அண்ணனிடம் இப்படிப் பேசிப் பார்த்தவன்தான். 'அரசாங்கத்து மேல பழியப் போட்டுட்டா நாளைக்கே குடிச்சிருவேண்டா' என்றார். எனக்கு அரசியலாக இருப்பது அவருக்குச் சாக்கு. இதற்கு என்னிடம் பதிலில்லை.

அண்ணிக்கு அந்தப் பயம் கிடையாது. அவர் சொல்லும் கதையில் மாமனார் சாவே வராது. தெருமுனையில் கடை திறந்ததில் தொடங்கும். கம்மல் அடகுக்குப் போனது, மகளை டியூஷனிலிருந்து நிறுத்தியது எல்லாம் மாசம் தேதியோடு வரும். அதை இதுவரை எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. குடும்பத்தாருக்கென்று தனிக் கூட்டம் இருக்கிறதே என்றேன். சாயங்காலத்துல வச்சா சமையல யார் பாக்கறது என்று கேட்டார்.