நான்கு கட்டங்களில் அடங்குமா செவிலியம்?

செவிலியர் பணியில் எங்கே குறை, எதை முதலில் சரிசெய்வது என்று கண்டறிய, வணிக நிறுவனங்களில் பிறந்த ஒரு கருவி இன்று மருத்துவமனை நிர்வாகத்திலும் நர்சிங் கல்லூரிப் பாடத்திலும் நிலைபெற்றுவிட்டது. ஸ்வாட் என்கிறார்கள். ஒரு தாளை நான்கு கட்டமாகப் பிரித்து வலிமை, பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று தலைப்பிட்டு நிரப்ப வேண்டும். அதிலிருந்து திட்டம் பிறக்கும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா? கிணத்துக்கடவு வட்டாரத்தில் படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவரின் புண்ணுக்கு இந்தத் தாளால் மருந்து போய்ச் சேருமா? கருவியை எடைபோட இதைவிட நேர்மையான தராசு எனக்குத் தெரியவில்லை.

வட்டாரத்தைத் தெரிந்துகொண்டு தொடங்குவோம். கோவை–பொள்ளாச்சி சாலையில் தக்காளிச் சந்தைக்குப் பேர்போன ஊர் கிணத்துக்கடவு. சுற்றிலும் தென்னந்தோப்பு, தேங்காய் நார் மில், அங்கே வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர். ஒன்றியத்தில் 34 ஊராட்சிகள். கொங்கு நாட்டு வழக்கப்படி பல குடும்பங்கள் ஊருக்குள் இல்லை. தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் வீட்டில், வசிக்கின்றன. ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவே ஒரு தோப்பே கிடக்கும். ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள். அந்தப் பிள்ளைகளும் கோவையிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ வேலையில் இருக்கிறார்கள். சாளையில் மிஞ்சுவது வயதான தம்பதி.

தமிழக மக்களில் 60 வயதைக் கடந்தோர் 2021-இல் 13.6 விழுக்காடு, 2031-இல் 18 விழுக்காட்டைத் தாண்டும் என்பது மத்திய அரசின் கணிப்பு. 2020-இல் மாநிலம் முழுவதும் நடந்த தொற்றா நோய் ஆய்வு இன்னும் கவலை தரும் செய்தியைச் சொன்னது. இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை காலில் புண்ணாகும். கட்டுக்குள் இல்லாத அழுத்தம் பக்கவாதமாகும். அதற்குப் பின் தேவைப்படுவது பெரும்பாலும் செவிலியரின் கைதான். இன்சுலின் போடக் கற்றுத்தருவது, கால் பார்ப்பது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவர் வேலை.

இப்போது நான்கு கட்டத்தையும் நியாயமாக நிரப்பிப் பார்ப்போம். வலிமை: ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை சுகாதார நிலையங்களும் கொண்ட கட்டமைப்பு, ஒரு பக்கம் பொள்ளாச்சி அரசு மருத்துவமனை, மறுபக்கம் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பலவீனம்: தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, கணினிப் பதிவேற்றம் என்று கிராம சுகாதார செவிலியரின் தலையில் ஏறிக்கொண்டே போகும் சுமை. வாய்ப்பு: கோவையைச் சுற்றியுள்ள நர்சிங் கல்லூரிகள், ஊர்தோறும் இயங்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள். அச்சுறுத்தல்: வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் புறப்படும் செவிலியர்கள்.

இதில் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். அதிகாரியும் செவிலியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதை நிரப்பினால், வழக்கமாக அறிக்கை கேட்கப்படும் செவிலியர் அன்று கருத்து கேட்கப்படுகிறார். சிதறிக் கிடந்த குறைகள் ஒரே பக்கத்தில் வந்து சேர்கின்றன. பேச்சைத் தொடங்கி வைக்கும் கருவி என்ற அளவில் ஸ்வாட்டுக்கு முழு மதிப்பெண் தரலாம்.

சிக்கல் அதற்குப் பிறகு. முதல் குறை, இதில் எடை கிடையாது. ‘பதிவேடு எழுதும் சுமை’ ஒரு வரி. ‘செவிலியரே இல்லை’ என்பதும் ஒரு வரி. தாளில் இரண்டும் சமம். பிரிட்டனில் டெர்ரி ஹில், ராய் வெஸ்ட்புரூக் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-களில் இந்த அலசலைச் செய்த 20 நிறுவனங்களை ஆராய்ந்தார்கள். நீண்ட பட்டியல்கள் இருந்தன, முன்னுரிமை இல்லை. அந்தப் பட்டியலை அடுத்த கட்டத் திட்டமிடலில் ஒருவரும் எடுத்துப் பயன்படுத்தவில்லை. இந்தக் கருவியைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற வேண்டும் என்று 1997-இல் எழுதினார்கள். லாபக் கணக்குப் பார்க்கும் நிறுவனங்களின் கதியே இதுவென்றால், லாபக் கணக்கு இல்லாத சுகாதார நிலையத்தில் அந்தத் தாள் கோப்புக்குள் போவதில் வியப்பில்லை.

இரண்டாவது குறை இதைவிடக் கடுமையானது. அநீதியைக்கூட வலிமை என்று எழுத இந்தத் தாள் இடம் கொடுக்கிறது. ‘அர்ப்பணிப்பு மிக்க செவிலியர்கள்’ என்ற வரி இத்தகைய தாள்களில் எளிதாக வந்து உட்காரும். அந்த அர்ப்பணிப்பின் விலை என்ன? 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி வந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்பது பேச்சு. நடக்காததால் 2017 நவம்பரில் சென்னையில் டி.எம்.எஸ். எனப்படும் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு போராடினார்கள். கொரோனா காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது. இவர்களின் பொறுமையை வலிமைக் கட்டத்தில் எழுதும் எந்தத் திட்டமும் பற்றாக்குறையைப் பாராட்டால் மூடுகிறது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத தேவை. சுகாதார நிலையப் பதிவேட்டில் இருப்பது வந்தவர்களின் கணக்கு. வர முடியாதவரின் கணக்கு எங்கே? செய்ய வேண்டியிருந்தும் செய்யாமல் விடுபட்ட செவிலியப் பணிகளை அமெரிக்காவில் பியாட்ரிஸ் காலிஷ் 2006-இல் ஆராய்ந்து வெளியிட்டார். நடக்க வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, நேரத்துக்கு உணவூட்டுவது, நோயாளிக்குக் கற்றுத்தருவது எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. இவை விடுபட்டால் அன்றே யாரும் புகார் சொல்வதில்லை. சில வாரம் கழித்துப் புண்ணாகத் தெரியும்.

ஒரு வீட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். பக்கவாதத்தில் விழுந்து மூன்று மாதமான ஒரு பெரியவர். செவிலியர் முதலில் அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கிறார். வால் எலும்புப் பகுதி, இரண்டு குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, இந்த இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்கிறார். அழுத்தியும் சிவப்பு மறையாவிட்டால் புண் தொடங்கிவிட்டது. புண் இருந்தால் சலைன் நீரில் கழுவி, இறந்த சதையின் அளவு பார்த்துக் கட்டுப் போடுகிறார். பிறகுதான் முக்கால்வாசி வேலை. “இரண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடோணுங் அம்மா” என்று, தானும் எழுபதைத் தொட்ட மனைவியிடம் சொல்லி, துணியைப் பிடித்து எப்படித் திருப்புவது என்று செய்து காட்டுகிறார். இந்த வீட்டுக்கு 40 நிமிடம், அடுத்த சாளைக்குப் போக 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஆறு வீடு, மாதம் 24 நாள்: மொத்தம் 144 வருகை. ஒரு புண்ணுக்கு வாரம் இரண்டு கட்டு என்றால் மாதத்துக்கு எட்டு. பதினெட்டு நோயாளிகளோடு அந்தச் செவிலியரின் மாதம் தீர்ந்துவிடும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் அமைப்பில் ஊரக வட்டாரம் ஒன்றுக்கு வலி நிவாரண ஆதரவு சிகிச்சைச் செவிலியர் ஒருவர், இயன்முறை மருத்துவர் ஒருவர். அதாவது 34 ஊராட்சிக்கு ஒருவர். இந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன். மாத்திரையை வாசலுக்கே கொண்டுபோனது; 2024-இல் ஐ.நா.வின் விருதும் பெற்றது. ஆனால் மாத்திரை கொண்டுபோவதும் புண்ணைப் பார்ப்பதும் ஒரே வேலை அல்ல. தன்னார்வலரால் முதலாவது முடியும். இரண்டாவதற்குப் பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும்.

இந்தக் கணக்கை நான்கு கட்டம் தராது. தரும் முறை வேறொன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1998-இலேயே வெளியிட்ட ‘விஸ்ன்’ என்ற பணிச்சுமை அளவீடு. ஒரு பணியாளருக்கு ஆண்டில் உண்மையாகக் கிடைக்கும் வேலை நேரம் எவ்வளவு, ஒவ்வொரு வேலையையும் முறையாகச் செய்ய எத்தனை நிமிடம், அந்த வேலை எத்தனை முறை வருகிறது என்று கணக்கிட்டால் எத்தனை பேர் வேண்டும் என்ற எண் கிடைத்துவிடும். நமது நெறிமுறையோ தலையை எண்ணுகிறது: சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. தோட்டம் தோட்டமாகச் சிதறிய கிணத்துக்கடவு சமவெளிக் கணக்கில் வருகிறது. அங்கே செவிலியர் கடக்கும் தூரம் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அளந்து திட்டமிட்டால் பலன் வரும் என்பதற்குத் தமிழகமே சாட்சி. இரண்டாயிரங்களின் நடுவில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் பிரசவம் பார்க்க என்ன வேண்டும் என்ற ஒற்றைக் கேள்வி எழுந்தது. விடையும் ஒரு எண்ணாக வந்தது: எட்டு மணி நேர முறைக்கு ஒருவராக மூன்று செவிலியர். பணம் ஒதுக்கினார்கள், இரவில் விளக்கெரிந்தது, அங்கே பிரசவங்கள் பெருகின. குறை என்னவென்றால், அந்தப் பணியிடங்களைத் தொகுப்பூதியத்தில் நிரப்பியது. திட்டம் வென்றது, அதைச் சுமந்தவர்கள் காத்திருந்தார்கள்.

மேற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் கேரள எல்லைக்கு அப்பால் 2008-இலேயே வலி நிவாரண சிகிச்சைக்குத் தனிக் கொள்கை வந்தது. உள்ளாட்சிகளே சமூகச் செவிலியரை வைத்து வீடு தேடிப் போகின்றன. அங்கே ஒரு பஞ்சாயத்து நம்முடைய பல ஊராட்சிகளுக்குச் சமம். ஆகவே ஊராட்சிக்கு ஒருவர் என்று இங்கே கேட்பது சரியான ஒப்பீடாகாது. ஆனாலும் ஒரு முழு ஒன்றியத்துக்கு ஒருவர் என்பதைவிட அது எவ்வளவோ மேல். படுக்கையில் கிடப்பவர் யார் என்பதை அறிந்த உள்ளாட்சியே செவிலியரையும் வைத்திருப்பது அந்த ஏற்பாட்டின் உயிர்.

“பணத்துக்கு எங்கே போவது?” என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். லிண்டா ஐக்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளி எண்ணிக்கை ஒன்று கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை பெற்றோர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. செவிலியரைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் பணம் வேறு கணக்கில் உயிராகக் கழிகிறது. முற்றிய புண்ணோடு கோவைக்கு ஆம்புலன்ஸில் போகும் செலவும் மக்கள் பணம்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது. குறைகளைப் பேச வைக்கும் கருவியாக ஸ்வாட் தேறுகிறது. திட்டமாக அது தோற்கிறது; அதை மட்டும் வைத்து நிறைவேறாத தேவையைத் தீர்த்துவிட்டோம் என்பது பொய்க்கணக்கு. நான்கு நிபந்தனைகளோடு மட்டுமே அதை ஏற்கலாம். சுகாதார நிலையத்துக்கு வர முடியாதவர்களையும் சேர்த்து வீடு வீடாகத் தேவைப் பதிவேடு வேண்டும். பயண நேரத்தையும் கூட்டி, எத்தனை செவிலியர் வேண்டும் என்ற எண்ணை வெளியிட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பொறுப்பானவர், தேதி, தொகை இருக்க வேண்டும். அப்படி உருவாகும் செவிலியர் பணியிடம் நிரந்தரப் பணியிடமாக இருக்க வேண்டும்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் எழுந்து இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் ஊராட்சியில் படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்கள் வீட்டுக்குச் செவிலியர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? பதில் எண்ணாக வரும்வரை விடாதீர்கள். அதைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.