தானியேல் உண்ட மரக்கறி

புலால் மறுப்பை வற்புறுத்தும் கிறித்துவர்கள் தவறாமல் எடுத்தாளும் கதை ஒன்றுண்டு. அது விவிலியத்தின் தானியேல் ஆகமத்து முதல் அதிகாரத்தில் உள்ளது. பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் அரண்மனைக்குக் கொண்டு செல்லப்பட்ட யூத இளைஞர் நால்வர், மன்னன் அளிக்கும் உணவையும் மதுவையும் மறுத்து, பத்து நாள் மரக்கறியும் தண்ணீருமே உட்கொள்கின்றனர். பத்தாம் நாள் முடிவில் ஏனையோரினும் அவர்கள் முகம் பொலிவுற்றுத் தோன்றுகின்றது. ஆகவே, மரக்கறியே நலம் தரும் என்பது வேதத்தின் தீர்ப்பு என்று முடித்துவிடுவர். கதை அதைத்தான் சொல்லுகின்றதா என்பதே ஈண்டு நாம் காண வேண்டுவது.

முதலில் சொல்லை நோக்குவோம். எபிரேய மூலத்தில் உள்ள 'செரோயிம்' என்னும் சொல், விதையினின்று விளைவன என்னும் பொருளது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதனைப் பருப்பு வகையாக்கிற்று. தமிழின் பழைய மொழிபெயர்ப்போ பருப்பு, மரக்கறி இரண்டையும் சேர்த்துக்கொண்டது. 'மரக்கறி' இந்நாட்டில் இன்றும் உயிரோடு வழங்கும் சொல்லாதலின் நம் மாணாக்கர்க்கு உரை வேண்டுவதில்லை. இடர்ப்பாடும் அங்கேதான் உள்ளது. வெள்ளிக்கிழமை மரக்கறி, விரதத்திற்கு மரக்கறி என்று பழகிய காதுக்கு, அச்சொல் புலால் விலக்கும் நோன்பாகவே ஒலிக்கின்றது. மூலச்சொல்லோ உண்ட பொருளை மட்டுமே குறிக்கின்றது.

இனி, மறுத்தமைக்குக் காரணம் யாது? தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்பதே தானியேலின் உறுதி. உணவு நோய் தரும் என்று அவன் யாண்டும் கூறவில்லை. மதுவையும் சேர்த்தே மறுத்தான். மோசேயின் சட்டமோ மக்கள் அனைவர்க்கும் மதுவைத் தடை செய்ததில்லை. எனவே அவன் விலக்கியது புலால் என்பதைவிட, மன்னனின் பந்தி என்று கொள்வதே பொருந்தும். நாடிழந்த இளைஞன் தன் இறைவனுக்கு உரியவனாகவே நிற்க விரும்பினான்; அதற்கு எஞ்சியிருந்த இடம் உண்கலம் ஒன்றே. பத்து நாள் சோதனையும் மருத்துவ ஆய்வன்று. இளைஞர் மெலிந்தால் தன் தலை போகும் என்று அரண்மனை அதிகாரி அஞ்சினான். அவ்வச்சத்தைத் தணிக்க எழுந்த ஏற்பாடே அது. சோதனையின் முடிவில் நால்வரும் பிறரினும் கொழுத்திருந்தனர் என்கிறது கதை. இக்காலத்து மருத்துவர் இதனைப் பாராட்டுவாரோ, அறியேன்!

அதே ஆகமத்தின் பத்தாம் அதிகாரம் பலர் கண்ணிற் படுவதில்லை. அங்கே முதிய தானியேல் மூன்று வாரம் துக்கம் காத்து, இறைச்சியும் மதுவும் தொடாதிருக்கிறான். வாழ்நாள் முழுதும் தொடாதவனாயின் அதனைத் தனியே சொல்ல வேண்டுவதென்ன?

நலத்தையும் நம்பிக்கையையும் இணைத்து இயக்கமாக்கியவர் ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபையார். 1863இல் அமெரிக்காவில் அச்சபை அமைந்தது. அதன் வழிகாட்டியான எலன் வைட் அம்மையார் அவ்வாண்டு முதலே உணவுச் சீர்திருத்தத்தை வலியுறுத்தினார். ஆயினும் இறைச்சியை அவர் முற்றாக விட்டது 1894இல்தான். புலால் உண்ணாமையை அச்சபை ஊக்குவிக்கின்றதேயன்றி, உறுப்பினராவதற்குக் கட்டளையாக்கவில்லை. கலிபோர்னியாவில் அச்சபையினரைப் பல்லாண்டு ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட முடிவு, பிறரைக் காட்டிலும் ஆடவர் ஏறத்தாழ 7 ஆண்டும் மகளிர் 4 ஆண்டும் மிகுதியாக வாழ்ந்தனர் என்றது. இது புறந்தள்ளத்தக்கதன்று. ஆயின் அவர்கள் பெரும்பாலும் புகையும் மதுவும் தீண்டாதவர்கள். வாரம் ஒருநாள் ஓய்பவர்கள். புலால் உண்போரும் அவர்களுள் பலர் இருந்தனர். முழுப் பெருமையையும் மரக்கறிக்கே சூட்டுதல் முறையாகாது. பாலும் முட்டையும் நீக்கித் தாவரமே உண்போர்க்குப் பி12 உயிர்ச்சத்து தனியே வேண்டும் என்பதையும், இவ்வுணவை மாணாக்கர்க்குப் பரிந்துரைக்கும் ஆசிரியர் சொல்லியாக வேண்டும்.

நம் குறளையும் இவ்வாறே குழப்புகின்றோம். புலால் மறுத்தலை வள்ளுவர் துறவறவியலில் 26ஆம் அதிகாரமாக வைத்தார். அங்கே அவர் காட்டும் காரணம் அருள். உடல்நலம் பேசும் மருந்து அதிகாரமோ பொருட்பாலில் 95ஆவது. அதன் குறள்களில் அளவும் செரிமானமும் உண்டு. ஊன் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அருளுக்கு நோயைச் சான்றாக அவர் அழைக்கவில்லை.

தாவர உணவுக்கு விவிலியத்தில் ஆதாரம் வேண்டுவார்க்கு ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் தானியேலினும் வலிது. படைப்பின் தொடக்கத்தில் மனிதர்க்கு வித்தும் கனியுமே உணவாக அளிக்கப்பெற்றன. ஊனுக்கு இசைவு பெருவெள்ளத்தின் பின்னரே வந்தது. ஆனால் ரோமர்க்கு எழுதிய மடலின் 14ஆம் அதிகாரத்தையும் அவர்கள் உடன் படித்தல் வேண்டும். மரக்கறி மட்டும் உண்பவனை நம்பிக்கையில் வலுவற்றவன் என்று பவுல் அங்கே குறிக்கின்றார். இதைக் கேட்டவுடன் ஊன் உண்போர் மகிழ்ந்து நூலை மூடிவிடுகின்றனர். அடுத்த வரியிலேயே, உண்பவன் உண்ணாதவனை இகழலாகாது, உண்ணாதவன் உண்பவனைத் தீர்ப்பிடலாகாது என்று அவர் இருவரையும் தடுத்து நிறுத்துகின்றார்.