சொல்லக் கதையில்லாத கடல்வழி

பெருங்கடலைத் தாண்டியவர்களிடம் கதைகள் ஏராளம். எனக்கென்னவோ, பிள்ளைகுட்டிகளோடு காலையில் கிளம்பி மத்தியானத்துக்குள் பக்கத்துத் துறைமுகம் போய்ச் சேரும் சின்னப் பயணத்தில்தான் பாய்ப்படகுக்காரரின் கைத்தேர்ச்சி முழுசாகப் புலப்படுகிறது. இங்கிலாந்தின் தென்கரையில், வைட் தீவின் யார்மத்திலிருந்து மேற்கே பூல் வரைக்குமான வழியையே பார்க்கலாம். இருபது கடல்மைல்கூட வராது. கோடை விடுமுறையில் குடும்பப் படகுகள் சாதாரணமாகப் போய்வரும் தடம்.

வித்தையில் பாதி, முதல்நாள் ராத்திரி மேசையிலேயே முடிந்துவிடும். போர்ட்ஸ்மத்தில் கடல் உச்சத்துக்கு ஏறும் நேரத்தை மையமாக வைத்து, மணிக்கொரு பக்கமாக நீரோட்டத்தை அம்புக்குறிகளில் காட்டும் புத்தகம் உண்டு. அந்த உச்சத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி முன்பாக, தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள சோலண்ட் கடலின் மேற்குப் பாதியில் நீர் மேற்கே திரும்பத் தொடங்கும். தீவுக்கும் ஹர்ஸ்ட் முனைக்கும் இடையிலான கடலிடுக்கு ஒரு மைலுக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே நீரோட்டம் மணிக்கு 4 கடல்மைல் (நாட்) வேகத்தைத் தொடும். குடும்பப் படகின் வேகம் 5 நாட். நீரோடு போனால் தரைக்கணக்கில் 9. எதிர்த்துப் போனால் 1. அதே காற்று, அதே பாய். கிளம்பிய நேரம் மட்டும் வேறு.

சரியான நேரத்தில் வருகிறவருக்கு ஹர்ஸ்ட் கோட்டை ஓடி மறையும். முதலாம் சார்லஸ் மன்னனை 1648-இல் அடைத்து வைத்த இடம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி முடிப்பதற்குள் கோட்டை பின்னால் போயிருக்கும்.

ஆனால் வேகத்துக்கு மயங்குகிறவர் இன்னும் தேறாதவர். இங்கே அடிக்கடி வீசுவது தென்மேற்குக் காற்று. மேற்கே பாயும் நீரும் எதிரே வரும் காற்றும் மோதினால், நீடில்ஸ் பாறைகளுக்கு முன்னுள்ள கால்வாயில் அலை செங்குத்தாக எழும். பக்கத்து ஷிங்கிள்ஸ் கூழாங்கல் திட்டில் வெள்ளையாக உடையும். நீரோட்டமும் வேண்டும், அதன் முரட்டுத்தனமும் கூடாது. அதனால் தேர்ந்தவர்கள் நீர் திரும்பிய கையோடு, வேகம் ஏறுமுன் இடுக்கைத் தாண்டிவிடுவார்கள். அல்லது ஹர்ஸ்ட் கரையை ஒட்டிய வடக்கு வழியில் நழுவுவார்கள். காற்று பலமாயிருந்தால் யார்மத்திலேயே பிள்ளைகளை நண்டு பிடிக்க விட்டுவிட்டு இன்னொரு டீ போடுவார்கள். இந்த மூன்றாவதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

நீடில்ஸைத் தாண்டினால் பூல் விரிகுடா திறக்கும். சுக்கானைப் பிள்ளையிடம் கொடுக்க உகந்த இடம் இதுதான். பிடிக்க ஒரு குறி வேண்டுமே? எதிர்க்கரையில் ஓல்ட் ஹாரி என்னும் வெள்ளைப் பாறைகள் தெரியும். நீடில்ஸும் அவையும் ஒரே சுண்ணப்பாறைக் குன்றுத்தொடரின் இரு முனைகள். நடுப்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. பத்து வயதுப் பெண் முகம் சுளித்துக்கொண்டு சுக்கான் பிடித்துப் போவது, இல்லாமற்போன ஒரு மலையின் தடத்தில். பக்கத்தில் இருக்கும் அப்பா அந்நேரம் வாயைத் திறக்காமல் இருப்பதும் தேர்ச்சியில் சேர்த்திதான். படகு கொஞ்சம் வளைந்து போகட்டும். பாய் படபடத்தால் அவளே கண்டுகொள்வாள்.

கடைசிக் கணக்கு பூல் வாயிலில். காலையில் நம்மை வெளியே தள்ளிய அதே வற்று நீரோட்டம், இப்போது பூலின் பெரிய உப்பங்கழியைக் காலிசெய்துகொண்டு குறுகலான வாய் வழியே முகத்துக்கு எதிராக வரலாம். குறுக்கே, 1926-இல் தொடங்கிய சங்கிலிப் படகுச் சேவை கார்களை ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போய்வரும். அதற்கு வழிவிட்டே ஆகவேண்டும். பாயை இறக்கி எஞ்சினைப் போடுவதில் இங்கே வெட்கமில்லை. வீம்புக்குப் பாயிலேயே நுழைந்து, சங்கிலிப் படகின் முன்னால் தத்தளிப்பவர்களைக் கரையிலிருந்து வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும்.

உள்ளே போனதும் பிரவுன்சீ தீவின் ஓரம் நங்கூரம் போட நல்ல இடம். 1907-இல் பேடன் பவல் பையன்களைக் கூட்டிவந்து சோதனை முகாம் நடத்தியது இந்தத் தீவில்தான். சாரணர் இயக்கம் அதிலிருந்து முளைத்தது. இதை நிதானமாகவே சொல்லலாம், தீவு எங்கேயும் ஓடாது. பிள்ளைகள் கேட்பார்களா என்பது வேறு. அவர்களுக்கு அதற்குள் பசி வந்திருக்கும்.