எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப் பொருந்தும்?

பழைய ஹை-ஃபை ஸ்பீக்கர் வாங்கியவர்கள் முதலில் விசாரிப்பது, "எத்தனை வாட் ஆம்ப் போடலாம்?" என்றுதான். அதற்கு முன் ஸ்பீக்கர் எத்தனை ஓம், ஒரு வாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் தரும் என்ற இரண்டும் தெரிய வேண்டும். ரோஜர்ஸ் தயாரித்த ஒரு ஜோடி எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரை மூன்று ஆம்ப்களில் மாற்றி மாற்றிக் கேட்டதில், இந்த இரண்டு எண்களின் அருமை நன்றாகவே விளங்கியது.

1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த மானிட்டர் இது. வண்டிக்குள் பெரிய பெட்டிக்கு இடமில்லை. ஹெட்போனை மட்டும் நம்பி ஒலியை எடைபோடவும் முடியாது. அதனால் பிறந்தது ஏறத்தாழ 30 செ.மீ. உயரமுள்ள இந்தச் சின்னப் பெட்டி. உள்ளே கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரும் டி27 ட்வீட்டரும் இருக்கின்றன. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் எனப் பல நிறுவனங்கள் பிபிசி உரிமம் பெற்று இதைத் தயாரித்தன. 1987 வரை வந்தவை 15 ஓம். பிறகு வந்தவை 11 ஓம்.

எண்கள் சொல்வது என்ன?

ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 82, 83 டெசிபல்தான் கிடைக்கும். இன்றைய ஸ்பீக்கர்கள் பலவும் 87, 88 டெசிபல் தருகின்றன. 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு வாட் தேவை என்பதால், இந்த இடைவெளி சிறிதல்ல. ஆனால் எல்எஸ்3/5ஏ தாங்கக்கூடியதோ 25 வாட்தான். பசி பெரிது, வயிறு சிறிது.

இதோடு நான் கேட்ட ஜோடியின் 15 ஓம் என்ற எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்ப் 8 ஓமில் தரும் மின்னழுத்தத்தையே 15 ஓமிலும் தரும். மின்னோட்டம் மட்டும் ஏறக்குறையப் பாதியாகிவிடும். எனவே 8 ஓமில் 50 வாட் என்று அச்சிட்ட ஆம்ப், இங்கே சுமார் 27 வாட்தான் தரும். இந்த ஸ்பீக்கருக்கு அதுவே சரியான அளவு.

கேட்டுப் பார்த்ததில்

முதலில், 100 வாட் என்று எழுதியிருந்த கையடக்கமான கிளாஸ்-டி ஆம்ப். 24 வோல்ட் அடாப்டரில் ஓடுவது. அந்த மின்னழுத்தத்தில் 15 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வாட்கூடப் போய்ச் சேராது. இத்தகைய ஆம்ப்களின் வெளியீட்டு ஃபில்டர் பெரும்பாலும் 4 முதல் 8 ஓம் வரை மனத்தில் வைத்துச் செய்யப்படுவது. ஓம் கூடினால் உச்ச அலைவரிசைகள் தூக்கலாகிவிடும். பாடகியின் குரலில் 'ஸ', 'ஷ' வரும் இடங்களெல்லாம் கூர்மையாகக் குத்தின. இந்த ஜோடிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது, 1967இல் வந்த குவாட் 303. 8 ஓமில் 45 வாட், 16 ஓமில் 28 வாட். கேட்ட முதல் நிமிடத்திலேயே பொருத்தம் தெரிந்தது. எம்.டி.ராமநாதனின் கனத்த கீழ்ஸ்தாயிக் குரல், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் ஆள் உட்கார்ந்து பாடுவதுபோல் நின்றது. மிருதங்கத்தின் தொப்பி நாதம் இந்த அளவுப் பெட்டியிலிருந்து எதிர்பார்க்க முடியாத தெளிவோடு வந்தது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: அரை வோல்ட் கொடுத்தாலே 303 முழுத் திறனை எட்டிவிடும். 2 வோல்ட் தரும் இன்றைய டிஏசியை நேரடியாக இணைத்தால், டிஏசியின் வால்யூம் குமிழைச் சற்றுத் திருப்பியதுமே அலறும். நடுவில் ஓர் அட்டெனுவேட்டர் போட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது, குவாட் II வால்வ் ஆம்ப் ஜோடி. 1953இல் அறிமுகமானது, கேடி66 வால்வ்கள், 15 வாட். இதன் டிரான்ஸ்ஃபார்மரில் 15 ஓமுக்கென்றே இணைப்பு உண்டு என்பதால் 15 வாட்டும் முழுதாக வந்து சேர்கிறது. வீணையின் மீட்டும் அதன் கார்வையும் இதில் கேட்டதுபோல் மற்ற இரண்டிலும் கேட்கவில்லை. ஆனால் எல்எஸ்3/5ஏயில் இயல்பாகவே உள்ள 100 ஹெர்ட்ஸுக்கு மேலான சிறு புடைப்பை வால்வ் இன்னும் கொஞ்சம் கொழுக்க வைக்கிறது. தவில் உச்சத்துக்குப் போகும்போது 15 வாட் திணறுகிறது.

வாங்கும் முன்

இந்த இரண்டு குவாட் ஆம்ப்களும் அரை நூற்றாண்டைத் தாண்டியவை. எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களை மாற்றி, நல்ல மெக்கானிக் ஒருவர் சரிபார்த்த பிறகே ஸ்பீக்கரை இணைக்க வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால், முதலில் மல்ட்டிமீட்டரை ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் வைத்து டிசி வருகிறதா என்று பாருங்கள்; சில பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டினால் இணைக்காதீர்கள். வால்வ் ஆம்பையோ ஸ்பீக்கர் இல்லாமல் ஓடவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடக்கூடும். ஸ்பீக்கரைக் காது மட்டத்தில் ஸ்டாண்டில், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். முன்பக்கத் துணியைக் கழற்ற வேண்டாம். அதையும் சேர்த்துத்தான் பிபிசி ஒலியைச் சமன்செய்தது.

சிறிய அறையில் எல்லா வகை இசையும் கேட்பவர்களுக்கு என் தேர்வு குவாட் 303. குரலும் வீணையும் மட்டும் போதும், சத்தம் அதிகம் வேண்டாம் என்பவர்கள் குவாட் II ஜோடியைத் தாராளமாக நாடலாம். கல்யாண மண்டபம் அதிரும் சத்தம் வேண்டுமென்றால், ஆம்பை மாற்றிப் பயனில்லை. வேறு ஸ்பீக்கர் பார்க்க வேண்டும். உங்களிடம் இருப்பது வேறு எந்தப் பழைய ஸ்பீக்கராக இருந்தாலும் வழி இதுதான்: அதன் ஓம், டெசிபல், தாங்கும் வாட் மூன்றையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆம்பின் மேல் எழுதியிருக்கும் வாட்டை அதன் பிறகு படியுங்கள்.